கோடையில் வீட்டுப் பானங்களும் பேக்கிங்கும்: வெப்பத்தை அளந்து வேலை செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

சமையல் குறிப்புகளில் காணப்படும் நேரக் கணக்குகள் பெரும்பாலும் 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பநிலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. சமையலறை 33 டிகிரியைத் தொடும் நாளில் அதே குறிப்பை அப்படியே பின்பற்றினால், ஒன்றரை மணி நேரத்தில் உப்ப வேண்டிய மாவு முக்கால் மணி நேரத்திலேயே பொங்கிப் புளித்துவிடும். பஞ்சு போல அடிபட வேண்டிய வெண்ணெய் எண்ணெயாக வழியும். காலையில் கலந்து மேசை மேல் வைத்த பழச்சாறு மதியத்துக்குள் கெட்டுவிடும். ஆகவே கோடைக்காலச் சமையலறையில் கடிகாரத்தைவிட வெப்பமானியே நம்பகமான துணை என்பது என் உறுதியான கருத்து. மாவிலும் பாகிலும் செருகிப் பார்க்கும் சிறிய டிஜிட்டல் வெப்பமானி ஒன்றும், கிராம் கணக்கில் எடை காட்டும் தராசு ஒன்றும் இருந்தால் கீழே உள்ள எல்லாவற்றையும் தடுமாற்றமின்றிச் செய்யலாம். இவ்வழிகாட்டியில் குறிப்பிடும் டிகிரிகள் யாவும் செல்சியஸ் அளவே.

பானங்களுக்கான அடிப்படை

குளிர்ந்த நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். அறை வெப்பநிலையில் சுவைக்கும்போது சரியாக இருக்கும் பானம், குளிர்ந்தபின் சப்பென்று தோன்றும். அதற்கு மேல் ஐஸ் உருகிப் பானத்தை நீர்க்கச் செய்யும். எனவே கலக்கும்போது இனிப்பும் புளிப்பும் ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும். இதைச் சீராகச் செய்யும் வழி, பானத்தை அடர்த்தியான கரைசலாகத் தயாரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பரிமாறும் நேரத்தில் மட்டும் நீரும் ஐஸும் சேர்ப்பதாகும். அடர்கரைசல் குறைந்த இடத்தையே அடைக்கும், எளிதில் கெடாது, ஒவ்வொருவரின் விருப்பத்துக்கும் ஏற்ப நீர்க்கச் செய்யவும் முடியும்.

ஐஸைப் பற்றியும் ஒரு சொல். 0 டிகிரியில் உள்ள ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4.2 ஜூலை நீக்கினால் போதும். ஐஸ் உருகும்போதுதான் பெரும்பகுதிக் குளிர்ச்சியைத் தருகிறது என்பதால், நீர்த்துப்போவதை முழுவதும் தவிர்க்க இயலாது. குறைக்க மட்டுமே இயலும். பானத்தை முன்கூட்டியே நன்றாகக் குளிர வைத்து, பெரிய கட்டிகளாக ஐஸ் போட்டால் உருகுவது மெதுவாகும். அதே பானத்தின் ஒரு பகுதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துப் பயன்படுத்தினால் உருகினாலும் சுவை குறையாது. உறைதல் நீரைத் தூய்மையாக்குவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: குடிக்கத் தகாத நீரில் செய்த ஐஸும் குடிக்கத் தகாததே.

எலுமிச்சை அடர்கரைசல்

கோடைப் பானங்களில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். எலுமிச்சையின் மணம் பெரும்பாலும் சாற்றில் இல்லை, தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. சாற்றைப் பிழிந்துவிட்டுத் தோலை எறிந்துவிட்டால் புளிப்பு மட்டுமே மிஞ்சும். சர்க்கரை அந்த எண்ணெயைத் தோலிலிருந்து இழுத்து எடுக்கும் தன்மை கொண்டது. அந்தத் தன்மையின் மேல்தான் இந்த முறை நிற்கிறது.

தேவையானவை: சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 200 மிலி, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 300 மிலி, ஐந்து எலுமிச்சைகளின் தோல், உப்பு அரை டீஸ்பூன்.

1. பழங்களை ஓடும் நீரில் நன்கு தேய்த்துக் கழுவித் துடைத்து, ஐந்து பழங்களின் மஞ்சள் மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி எடுங்கள். அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். அது கத்தியோடு வந்துவிட்டால் சுரண்டி நீக்கிவிடுங்கள்.

2. தோலைச் சர்க்கரையுடன் சேர்த்து விரலால் அழுத்திப் பிசறி, மூடி வைத்து இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். சர்க்கரை ஈரமாகி மஞ்சள் சாயலும் கூர்மையான மணமும் பெற்றிருக்கும்.

3. அதில் 200 மிலி தண்ணீர் ஊற்றி, மிதமான தீயில் சர்க்கரை கரையும் வரை மட்டும் சூடாக்குங்கள். கொதித்து வற்ற வேண்டியதில்லை. கரைந்ததும் இறக்கி, முழுவதும் ஆறிய பிறகு வடிகட்டுங்கள்.

4. ஆறிய பாகில்தான் சாற்றையும் உப்பையும் சேர்க்க வேண்டும். சூடான பாகில் ஊற்றினால் சாற்றின் புதுமணம் போய், வேகவைத்த வாசனை வந்துவிடும்.

5. வெந்நீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் ஊற்றி உடனே குளிரில் வையுங்கள்.

ஏறத்தாழ 750 மிலி கிடைக்கும். ஒரு பங்கு கரைசலுக்கு நான்கு பங்கு குளிர்ந்த நீர் என்பது நல்ல தொடக்கம். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை சுவை குன்றாமல் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ஐஸ் தட்டில் உறைய வைத்துக்கொள்ளலாம். இந்த அளவில் கலந்த ஒரு 250 மிலி குவளையில் சுமார் 27 கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தும் செய்யலாம். ஆனால் கெடாமல் காப்பதில் சர்க்கரைக்கும் பங்குண்டு என்பதால், அப்படிச் செய்ததை மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். புளிப்புப் பானங்களைப் பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களில் கலக்கவோ சேமிக்கவோ கூடாது. அமிலம் உலோகத்தைக் கரைக்கும். கண்ணாடியோ துருப்பிடிக்காத எஃகோ போதும்.

இதே அடிப்படையில் இஞ்சி, புதினா போன்றவற்றைச் சேர்க்கலாம். இஞ்சியைத் தட்டிப் பாகுடன் சூடாக்கலாம். புதினாவை அப்படிச் சூடாக்க வேண்டாம். ஆறிய பாகில் இலைகளைக் கையால் லேசாகக் கசக்கிப் போட்டு, அரை மணி நேரத்தில் வடித்துவிட்டால் நிறமும் மணமும் நன்றாக இருக்கும். மிக்ஸியில் அரைத்தால் பச்சை வாடையும் கசப்பும் ஏறும்.

குளிர்நீரில் ஊறிய தேநீர்

சூடாகப் போட்ட தேநீரைச் சட்டென்று குளிர வைத்தால் அது கலங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலையின் காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து நுண்துகள்களாவதே காரணம். குளிர்நீரில் ஊற வைத்தால் துவர்ப்புப் பொருள்கள் குறைவாகவே இறங்குகின்றன. தேநீர் தெளிவாகவும் மென்மையாகவும் வரும். கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 8 முதல் 10 கிராம் இலைத் தேயிலையைப் போட்டு மூடி, குளிர்சாதனப் பெட்டியில் எட்டு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். தூள் தேயிலையாக இருந்தால் நான்கைந்து மணி நேரமே போதும். குளிர்ந்த நீரில் சர்க்கரைப் பரல்கள் மெதுவாகவே கரையும் என்பதால், சம எடை சர்க்கரையும் நீரும் சேர்த்துக் காய்ச்சி ஆற்றிய பாகைக் கொண்டு இனிப்பூட்டுங்கள்.

ஜாடியை வெயிலில் வைத்துத் தேநீர் இறக்கும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. வெயிலில் அந்த நீர் கிருமிகளைக் கொல்லும் சூட்டை அடைவதில்லை. அவை பெருகுவதற்கு ஏற்ற இளஞ்சூட்டிலேயே பல மணி நேரம் நிற்கிறது.

பழம், தயிர், உப்பு

தர்ப்பூசணியில் சுமார் 92 விழுக்காடு நீர்தான். அதனால் தண்ணீர் சேர்க்காமல் மிக்ஸியில் சில நொடிகள் மட்டும் ஓட்டி, வடிகட்டி, எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் போதுமானது. வெட்டுவதற்கு முன் பழத்தின் வெளித்தோலைக் கழுவ மறக்காதீர்கள். தோலில் உள்ள அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். இந்தச் சாறு அன்றே தீர வேண்டியது. தயிரைக் கடைந்து நீரும் உப்பும் சேர்த்த பானமும் அப்படியே: தயிரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் 40 டிகிரியை ஒட்டிய சூட்டில் மும்முரமாக இயங்குபவை என்பதால், வெயில் நாளில் வெளியே வைத்த தயிர்ப் பானம் மணிக்கு மணி புளிப்பேறும்.

எந்தப் பானத்துக்கும் பொருந்தும் பாதுகாப்பு எல்லை ஒன்று உண்டு. கெடக்கூடிய உணவு 5 முதல் 60 டிகிரிக்கு இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். தேன் சேர்த்த எந்தப் பானத்தையும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தரக் கூடாது.

வயிற்றுப்போக்கால் உடல் நீரிழந்தவருக்கு இனிப்புப் பானம் மருந்தாகாது. அதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே முதல் தேர்வு. அது கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துத் தரலாம். உப்பு கூடினால் ஆபத்து என்பதால் கண்ணளவு இங்கே உதவாது. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

ஓவனை ஏற்றும் முன்

வெயில் காலத்தில் ஓவனைப் பயன்படுத்துவதே கூடாது என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை; ஒரே முறை சூடாக்கி, பல வேலைகளை முடிப்பதே வழி. விடியற்காலையில், வெளிக்காற்று இன்னும் குளிர்ந்திருக்கும்போது, சன்னல்களைத் திறந்து வைத்துத் தொடங்குங்கள். அடுக்கு முறையும் முக்கியம். குறைந்த சூட்டில் வேக வேண்டிய கேக்கை முதலிலும், பிறகு பிஸ்கட்டையும், இறுதியில் 220 டிகிரி கேட்கும் பிரெட்டையும் வையுங்கள். ஓவனின் சூட்டை ஏற்றுவது விரைவில் முடியும். இறக்குவதற்குக் கதவைத் திறந்து வைத்தால் அந்த அனல் முழுவதும் வீட்டுக்குள் பரவும். எல்லாம் முடிந்து அணைத்த பின் எஞ்சும் சூட்டில் பழைய பிரெட் துண்டுகளை ரஸ்க்காக உலர்த்தலாம். சிறிய வேலைக்குச் சிறிய மேசை ஓவனே போதும்.

வெண்ணெயும் கேக்கும்

வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும் கேக்குகளில், கொழுப்புக்குள் நுண்குமிழிகளாகக் காற்றை அடைப்பதே அடிப்பதன் நோக்கம். வெண்ணெய் 18 முதல் 20 டிகிரியில் வளையும் தன்மையோடு இருக்கும்போதுதான் காற்றைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியைத் தாண்டினால் உருகத் தொடங்கிவிடும். 'வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியே வைக்கவும்' என்ற வரியைக் கோடையில் புறக்கணியுங்கள். குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பத்து நிமிடம் வைத்தால் போதும், அடிக்கும்போது எழும் உராய்வு மீதியைப் பார்த்துக்கொள்ளும். முட்டையையும் பத்து நிமிடம் முன்னதாக எடுத்தால் போதுமானது. கலவை பளபளத்து எண்ணெய்ப் பசையாகத் தோன்றினால் அடிப்பதை நிறுத்தி, பாத்திரத்தோடு பத்து நிமிடம் குளிர வைத்து மீண்டும் அடியுங்கள்.

இந்தக் கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு எண்ணெயில் செய்யும் தயிர் கேக்கே கோடையின் சிறந்த கேக் என்பேன். எண்ணெய் எப்போதும் திரவம்தான். அறையின் சூடு அதை ஒன்றும் செய்யாது. இரண்டு முட்டையையும் 170 கிராம் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, 150 கிராம் தயிர், 120 மிலி வாசனையற்ற எண்ணெய், துருவிய எலுமிச்சைத் தோல் ஆகியவற்றைச் சேருங்கள். 200 கிராம் மைதாவுடன் ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துச் சலித்து, மாவு மறையும் வரை மட்டும் கலக்குங்கள். ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கும். ஆகவே ஓவன் 170 டிகிரியில் தயாராக இருந்த பின்தான் கலக்க வேண்டும். 20 செ.மீ. வட்டத் தட்டில் 35 முதல் 45 நிமிடங்களில் வேகும். வெளியே எடுத்ததும் குச்சியால் ஆங்காங்கே குத்தி, முன்பு செய்த எலுமிச்சை அடர்கரைசலில் மூன்று டேபிள்ஸ்பூனைத் தெளித்தால் அது உள்ளிறங்கி, கேக்கை மறுநாளும் ஈரப்பதத்தோடு வைத்திருக்கும்.

பிஸ்கட் மாவை உருண்டைகளாக்கி ஃப்ரீசரில் வைத்து, உறைந்த நிலையிலேயே ஓவனில் இட்டு இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக விடுங்கள். வெண்ணெய் உருகுவதற்குள் வெளிப்புறம் இறுகிவிடுவதால் அவை தட்டையாகப் படராது. இரண்டாம் சுற்றுக்கு முன் தட்டு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். கிரீமை அடிப்பதானால் கிரீமும் பாத்திரமும் 8 டிகிரிக்குக் கீழ் இருக்கட்டும். முட்டை வெள்ளையில் செய்யும் மெரிங்கைப் புழுக்கமான நாளில் தொடாதிருப்பதே நல்லது; அதிலுள்ள சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும்.

பிரெட்: சூட்டைக் கணக்கிட்டுப் பிசைதல்

வெயிலின் விளைவு மிகத் தெளிவாகத் தெரிவது ஈஸ்ட் மாவில்தான். சூடு எட்டு, ஒன்பது டிகிரி கூடினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மாவு வேகமாக உப்புவது நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் பிரெட்டின் சுவை மெதுவான நொதித்தலில்தான் உருவாகிறது. அவசரமாக உப்பிய மாவில் சாராய வாடையும், சரிந்துபோகும் பலவீனமும் மட்டுமே மிஞ்சும்.

பிசைந்து முடித்த மாவின் வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். நம் கையில் உள்ள ஒரே கட்டுப்பாடு நாம் ஊற்றும் நீரின் குளிர்ச்சி. அதைக் கணக்கிட எளிய வழி: 25-ஐ மூன்றால் பெருக்கி, அதிலிருந்து மைதாவின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலை, உராய்வால் ஏறும் சூடு ஆகியவற்றைக் கழியுங்கள். கையால் பிசைந்தால் உராய்வை 3 எனக் கொள்ளலாம். இயந்திரத்தில் இது பல மடங்காகும். மைதா 32, அறை 33 என்றால், 75-இலிருந்து 68 போக மிச்சம் 7. நீர் 7 டிகிரியில் இருக்க வேண்டும். குழாய் நீர் 28 டிகிரியில் இருந்தால், தேவையான 320 கிராம் நீரில் 60 கிராமை ஐஸாக எடுத்து, மீதி 260 கிராம் நீரில் அது கரையும் வரை கலக்கினால் ஏறத்தாழ அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். ஐஸையும் நீரின் எடையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தலே வேண்டாமென்றால், மைதாவை முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மைதா 8 டிகிரிக்கு இறங்கியிருந்தால் சாதாரணக் குழாய் நீரே பொருந்தும்.

1. 500 கிராம் மைதா, 10 கிராம் உப்பு, 10 கிராம் சர்க்கரை, 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். குளிர்ந்த நாளில் 5 கிராம் ஈஸ்ட் எடுத்திருப்போம். உப்பைக் குறைக்காதீர்கள், ஈஸ்ட்டை அடக்கி வைப்பதில் அதற்கும் பங்குண்டு.

2. மேலே கணக்கிட்ட 320 கிராம் குளிர்ந்த நீரில் ஒரு கைப்பிடியளவை நிறுத்தி வைத்துவிட்டு மற்றதை ஊற்றிக் கலக்குங்கள். ஈரமான பருவத்தில் மைதா ஏற்கெனவே காற்றிலிருந்து ஈரத்தை வாங்கியிருக்கும் என்பதால் முழு நீரும் தேவைப்படாமல் போகலாம்.

3. மாவு ஒன்று திரண்டதும் 20 கிராம் எண்ணெய் சேர்த்து, வழவழப்பாக வரும்வரை பத்து நிமிடம் பிசையுங்கள். வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 28-ஐத் தாண்டியிருந்தால் மூடிப் பதினைந்து நிமிடம் குளிர வையுங்கள்.

4. மூடி வைத்த மாவை அரை மணி நேரம் கழிந்ததிலிருந்தே கவனியுங்கள். 32 டிகிரி அறையில் முக்கால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும்.

5. காற்றை மெல்ல வெளியேற்றி உருட்டி, எண்ணெய் தடவிய அச்சில் வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி மேலெழும்பும் நிலையே ஓவனுக்கு உரிய நேரம். உடனே நிமிர்ந்தால் காத்திருங்கள். பள்ளம் எழவே இல்லையென்றால் எல்லை தாண்டிவிட்டது, மறுபடி பிசைந்து உருட்டி வைப்பதே வழி.

6. 220 டிகிரியில் சுமார் 30 நிமிடம். உட்பகுதி 93 டிகிரியை எட்டியிருக்க வேண்டும்.

இரவே பிசைந்து வைக்க விரும்பினால் ஈஸ்ட்டை 2 கிராமாக்கி, மாவை அகலமான பாத்திரத்தில் தட்டையாகப் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் 10 முதல் 14 மணி நேரம் வையுங்கள். தடித்த உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி குளிர நெடுநேரமாகி, அதற்குள் அங்கே நொதித்தல் ஓடிவிடும். கேக் வேகும் நேரத்தில் இந்த மாவு அச்சில் உப்பிக்கொண்டிருக்கும்படி திட்டமிட்டால், மேலே சொன்ன ஓவன் வரிசையும் தானாகவே அமைந்துவிடும்.

வைத்துக் காப்பது

வெப்பத்தில் பிரெட்டுக்கு நேரும் கேடு பூஞ்சணம் மட்டுமன்று. மாவில் உள்ள சில பாக்டீரியா வித்துகள் ஓவன் சூட்டிலும் பிழைத்து, இளஞ்சூடான ஈரமான நாள்களில் பிரெட்டின் உள்ளே பெருகும். அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை முதலில் எழும். பிறகு உட்புறம் பிசுபிசுத்து, பிய்த்தால் நூல் நூலாக இழுபடும். அத்தகைய பிரெட்டை முழுவதும் எறிந்துவிட்டு, பலகையையும் கத்தியையும் வினிகரால் துடைக்க வேண்டும். மாவில் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் சேர்ப்பது இந்தக் கேட்டைத் தள்ளிப்போடும். அமிலம் அந்தப் பாக்டீரியாவுக்கு ஆகாது. பிரெட் முழுவதும் ஆறும் முன் பையில் போட்டு மூடாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம்.

குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் பிரெட் மிக விரைவில் வறண்டு கெட்டிப்படும். ஒரு நாளில் தீராது என்று தெரிந்தால், ஆறியதும் துண்டுகளாக வெட்டி, காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நேராகத் தவாவிலோ டோஸ்டரிலோ சூடாக்குங்கள். முழுக்கோதுமை மாவை வாங்கியதும் குளிரில் வையுங்கள். அதிலுள்ள எண்ணெய்ச் சத்து வெப்பத்தில் விரைவில் சிக்கு வாடை பிடிக்கும். கிரீம் பூசிய கேக்கைப் பரிமாறும் கணம் வரை வெளியே எடுக்க வேண்டாம். பானங்களுக்குச் சொன்ன ஒரு மணி நேர எல்லை அதற்கும் அப்படியே பொருந்தும்.